புதுப்பிப்பு: டயல்-அப் இணைப்பு இப்போது வேலை செய்கிறது

ஸ்லாக்வேர் லினக்ஸில் டயல்-அப் (தொலைபேசி வழி இணையம்) பற்றி முன்பு கேட்டிருந்தேன்: மோடம் டயல் செய்கிறது, பிபிபி (தொலைபேசி வழியே இணையத்தோடு பேசும் நெறிமுறை) இணைப்பு கிடைக்கிறது, ஐபி முகவரியும் வருகிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

மோடத்தில் பழுதே இல்லை. பிபிபி இணைப்பை நடத்தும் நிரலான பிபிபிடி-யை, விவரமாகப் பதிவு செய்யும் டீபக் விருப்பத்தோடு ஓட்டி, கணினியின் பதிவுக் கோப்பான சிஸ்லாக்கைப் பார்த்தேன். எல்சிபி (இணைப்பை அமைக்கும் கட்டம்), கடவுச்சொல் சரிபார்ப்பு, ஐபிசிபி (ஐபி முகவரி பெறும் கட்டம்) மூன்றும் ஒழுங்காக முடிந்திருந்தன. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: ஏற்கெனவே இருக்கும் டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி குறிப்பிடாத பாக்கெட்டுகள் போகும் இயல்பு வழி) மாற்றவில்லை என்று. ஈதர்நெட் கார்டுக்கு முன்பே அப்படி ஒரு ரூட் இருந்தால், டீஃபால்ட்ரூட் விருப்பம் கொடுத்திருந்தாலும் பிபிபிடி அதைத் தொடாது. பாக்கெட்டுகள் எல்லாம் வெளியே வழியில்லாத வீட்டு நெட்வொர்க் பக்கமே போய்க்கொண்டிருந்தன. பழைய ரூட்டை நீக்கி மறுபடி டயல் செய்ததும் வெளி ஐபி முகவரிக்கு பிங் போனது. அந்த முதல் பதில் திரையில் வந்தபோது அவ்வளவு நிம்மதி!

அப்புறமும் பெயரைக் கொடுத்தால் எதுவும் திறக்கவில்லை. யூஸ்பியர்டிஎன்எஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், மறுமுனை தரும் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகளை பிபிபிடி தன் இடிசி/பிபிபி அடைவில் ஒரு ரிசால்வ்.கான்ஃப் கோப்பாக எழுதி வைக்கிறது. கணினி படிப்பதோ இடிசி-யில் நேராக இருக்கும் ரிசால்வ்.கான்ஃப். இடிசி-யில் இருப்பதை பிபிபி அடைவில் உள்ள கோப்புக்கு சிம்லிங்க் (அதைச் சுட்டும் இணைப்பு) ஆக்கினேன், தீர்ந்தது.

இதே சிக்கலில் இருப்பவர்கள் மோடத்தை மாற்றும் முன் தயவுசெய்து ரூட் டேபிளை (பாக்கெட்டுகள் போகும் வழிகளின் பட்டியல்) பாருங்கள்.

பாக்கி ஒன்றுதான்: கால் வெயிட்டிங் (பேச்சின் நடுவே வேறு அழைப்பு வருவதைச் சொல்லும் தொலைபேசி வசதி) ஒலி வந்தால் இணைப்பு அறுகிறது. அந்த வசதியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.