ரைஸ் ஏரிக்கரையில் ஏமாந்தோம். அடுத்த முறைக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒன்ராறியோவில், பீட்டர்பரோவுக்குத் தெற்கே உள்ள ரைஸ் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கும் ஆசையில் குடும்பத்தோடு சென்று, கரையோரத் தனியார் முகாம் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம். நீரோரத்து இடம் என்று பணம் வாங்கியவர்கள் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கூடாரம் போடச் சொன்னார்கள். மீன் வெட்டும் மேசையிலோ, யாரோ விட்டுப்போன செதில்கள் காய்ந்து ஒட்டியிருக்க, குழாயில் சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. (ஏரி மட்டும் எங்களை ஏமாற்றவில்லை.) கட்டிய பணத்தில் ஒரு பகுதியையாவது திரும்பப் பெற, மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிட்டு யாருக்கேனும் பலன் கிடைத்திருக்கிறதா? இந்த மாகாணத்தின் அரச காணிகளில், கனடாவில் வசிப்போர் பொதுவாக ஓரிடத்தில் 21 நாள்கள்வரை இலவசமாகத் தங்கலாம் என்பதால், சிறுபிள்ளைகளோடு தங்கத் தோதான ஏரிக்கரை ஏதேனும் தெரிந்தவர்கள், அங்கே வண்டி எதுவரை போகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.