பனியில் கருகிய தேயிலைக்கு பாலிஅமீன் டானிக் அடிக்கலாமா?

தும்மனட்டிக்காரன்:
எங்கள் தோட்டம் மேடும் பள்ளமுமாக இருக்கும். இந்த ஜனவரி உறைபனியில் பள்ளத்துச் செடிகளில் மேல் இலை முழுக்கச் செம்பு நிறமாகக் கருகி, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மேட்டில் ஒன்றும் ஆகவில்லை. உரக்கடையில் ஒரு பாட்டிலைக் காட்டி, பாலிஅமீன் கலந்தது, அடித்தால் செடி பனியைத் தாங்கும் என்கிறார்கள். பச்சைத் தேயிலை விற்கிற விலைக்கு அது பெரிய செலவு. அது என்ன பொருள், உண்மையிலேயே வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் பாட்டனி:
அண்ணா, கருகின இலைக்கு எதை அடித்தாலும் திரும்பாது, அதனால் இப்போது வாங்காதீர்கள். பாலிஅமீன் என்பது கடைக்காரர் கண்டுபிடித்த பொருள் இல்லை, உங்கள் செடி தானே தயாரிப்பது. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று முக்கியமாக மூன்று. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து புட்ரெசின் வரும், அதிலிருந்து மற்ற இரண்டும். மூன்றுமே நேர்மின்னேற்றம் உள்ளவை. செல் சவ்வு, டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாம் எதிர்மின்னேற்றம் உள்ளவை என்பதால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு, குளிரிலும் வறட்சியிலும் அவை சிதையாமல் பிடித்து வைக்கின்றன. அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் புட்ரெசின் செய்யும் நொதிக்கான ஜீனைப் பழுதாக்கிப் பார்த்தார்கள். அந்தச் செடிகளால் உறைநிலைக் குளிரைச் சரியாகத் தாங்க முடியவில்லை, வெளியிலிருந்து புட்ரெசின் கொடுத்தபோது தேறின. வறட்சிக்கும் குளிருக்கும் செடியில் சுரக்கிற அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் குறைந்துபோனதும், அந்தச் செடிகள் குளிரைத் தாங்காததற்கு ஒரு காரணம்.

கடைக்காரர் சொல்வதற்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் அளவுதான் எல்லாம். செடிக்குள் பாலிஅமீன் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது கொஞ்சமாக இருந்தால் செடிக்கு எச்சரிக்கைக் குறிப்பு, மிஞ்சினால் செல்லையே கொல்லும். பாட்டிலில் எந்த பாலிஅமீன், எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

கேத்தி கேரட்:
மேடு தப்பியதற்குக் காரணம் டானிக்கோ உரமோ இல்லை தம்பி. ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கீழ்ப்பக்கம் வேலியோ புதரோ அடைத்துக்கொண்டிருந்தால் வெட்டி வழிவிடுங்கள். பனிக்காலத்தில் சில்வர் ஓக் கிளையைக் கழிக்காதீர்கள், நிழல் இருந்தால் பனி அவ்வளவாக அடிக்காது. கருகியதைப் பார்த்து அவசரப்பட்டுக் கவாத்து செய்யவும் வேண்டாம். துளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதுவரை காய்ந்ததை மட்டும் எடுங்கள். நவம்பரில் நீர்ப்பனி விழுந்து அப்புறம் உறைபனி வந்தால் செடி பழகிக்கொள்ளும், திடீரென்று இறங்கும் வருஷம்தான் நம்மைக் கொல்லும்.

குன்னூர் பாட்டனி:
கேத்தி அண்ணன் சொன்ன அந்தப் பழகுகிற நாட்களில்தான் செடி உள்ளுக்குள் தயாராகிறது. சவ்வு மாறுகிறது, சர்க்கரை சேர்கிறது, பல செடிகளில் புட்ரெசினும் கூடுகிறது.

தும்மனட்டிக்காரன்:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் இலையைச் சோதித்து புட்ரெசின் அதிகமாக இருந்தால் செடி நல்ல திடமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

குன்னூர் பாட்டனி:
கூடாது. 1952லேயே ரிச்சர்ட்ஸ், கோல்மேன் இருவரும் பொட்டாசியம், அதாவது சாம்பல்சத்து, இல்லாமல் வளர்த்த பார்லிச் செடியில் புட்ரெசின் குவிந்துகிடப்பதைக் கண்டார்கள். பட்டினி கிடக்கிற செடியிலும் அது ஏறும் என்று அர்த்தம். நம் மலை மண் புளிப்பு மண், மழையும் சாம்பல்சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பாட்டிலுக்கு வைத்திருக்கிற பணத்தில் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள், பொட்டாஷ் குறைவு என்று வந்தால் பனிக்கு முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போது போட்டுவிடுங்கள். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டு, பனி நேரத்தில் இளங்கொழுந்தாக நிற்க விடாதீர்கள், முதலில் கருகுவது அதுதான்.