புதுப்பிப்பு: பழம் தின்ற கோழிகளுக்குத் தண்ணீர்க் கழிச்சலும் தோல் முட்டையும்

போன மாதம் கேட்டிருந்தேன்: ஆறு பெட்டைகளுக்கும் தினம் பாதி பப்பாளியும் தர்பூசணித் தோலும் போடுகிறேன், எச்சம் தண்ணீராகப் போகிறது, ஓடு கெட்டியாகாத தோல் முட்டை இரண்டு வேறு, என்ன செய்ய? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. பலித்தது "காலையில் தீவனம், மாலையில்தான் பழம்" என்ற யோசனை. ஒரு கோழி நாளுக்கு 100 கிராமுக்குச் சற்று அதிகமாகத் தீவனம் தின்னும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பழம் போகக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் ஆறுக்கும் சேர்த்து ஒரு கைப்பிடிதான்! நான் போட்டது கல்யாணப் பந்தி. பழத்தால் வயிறு நிறைந்து, தீவனத்தை ஒதுக்கியிருக்கின்றன.

நான்காம் நாள் எச்சம் கெட்டியானது. முட்டை ஓட்டுக்காகத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் வைத்தேன். இரண்டு வாரத்தில் முட்டை ஓடும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. மிச்சம் கிடந்த பப்பாளியை மறுநாள் தின்ற கறுப்பிக்குத் தீனிப்பை பலூன் மாதிரி தொளதொளவென்று வீங்கி, வாயில் புளித்த கள் வாடை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், பிழைத்தது. இப்போது அரை மணியில் மிச்சத்தை அள்ளிவிடுகிறேன், எறும்பும் வருவதில்லை.

அவகாடோ பற்றிக் கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம், அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பறவைகளின் இதயத்தைத் தாக்கும். ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிட்டுப் போடுங்கள்.