மஞ்சளேறிய பழைய ரேடியோக்கள்: கைபட்ட அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கல்யாணத்துக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோதான் திறக்கும். அப்போதுதான் இரண்டாங்கட்டு அறையிலிருந்து ரேடியோவும் டெலிபோனும் வெளியே வரும். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி அப்படி இரண்டு உருப்படிகளை எடுத்து வைத்தார். ஒன்று மலேயாவிலிருந்து வந்த வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழல் வைத்த ரகம்; பெட்டி பேக்லைட் என்ற அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக். மற்றது எண்பதுகளில் சிங்கப்பூரில் வாங்கிய வெள்ளைக் கடிகார ரேடியோ. “ரெண்டும் பழுப்பேறிப் போச்சு தம்பி, வெளுத்துக் குடுங்க” என்றார்.

வால்வு ரேடியோவின் குமிழைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். வெயிலே படாத உள்பக்கமும் அதே சந்தன நிறம். “இது பழுப்பு இல்ல ஆச்சி, பொறந்த நெறமே இதுதான்.” கடிகார ரேடியோவில் கதை வேறு. பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பால் வெள்ளை, வெளியே தேநீர்க் கறை. இப்படி உள்ளும் புறமும் ஒப்பிடாமல் நான் வெளுக்கும் மருந்தைத் தொடுவதே இல்லை.

மஞ்சளாவது பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதிலுள்ள ரப்பர் போன்ற பகுதி வெளிச்சத்திலும் சூட்டிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் கலவை இருந்தால் இன்னும் மோசம். அழுக்கு இல்லை என்பதால் சோப்புக்கு அசையாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதாக் கதிரும் சேர வேண்டும். கதிருக்கு நமக்கென்ன பஞ்சம்?

பலர் பார்லர் சாமான் கடையில் முடிச்சாயத்தோடு கலக்கும் 12 சதவீதப் பெராக்சைடு டெவலப்பர் க்ரீம் வாங்கித் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மொட்டை மாடியில் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நம் ஊர் வெயிலில் க்ரீம் அங்கங்கே உலர்ந்து, உலர்ந்த இடம் ஒரு மாதிரி, உலராத இடம் ஒரு மாதிரி என்று வரிவரியாக வெளுத்துவிடும். மெடிக்கலில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடு திரவத்தைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, உறுப்பை முழுக்க மூழ்கவைத்தால் வெளுப்பு சீராக வரும். சர்க்யூட், ஸ்பிரிங், ஸ்டிக்கர் எல்லாம் முதலில் கழற்றியாக வேண்டும். காலை வெயில் போதும். உச்சி வெயிலில் மெல்லிய மூடி வளைந்துகொள்ளும். அப்புறம் கைக்குக் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பெராக்சைடு விரலில் பட்டால் தோல் வெள்ளை வெள்ளையாகி எரியும்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, டயல் கண்ணாடியையும் சொல்லுங்க. கொழும்பு, சிங்கப்பூர் என்று ஊர்ப்பெயர் அச்சிட்டிருப்பது கண்ணாடியின் உள்பக்கத்தில். பழைய மை என்பதால் ஈரத்துணி பட்டாலே பெயர்ந்து வரும். எங்கள் தெருவில் ஒருவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். முள் மட்டும் ஓடுகிறது, ஊர் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் நான் உலர்ந்த மென்பிரஷ் மட்டும்தான் ஓட்டுவேன்.

பள்ளத்தூரிலிருந்து:

பேக்லைட்டுக்குப் பெராக்சைடு வேண்டவே வேண்டாம். அதன் மேல்தோல் போனால் உள்ளே கலந்திருக்கும் மரத்தூள் வெளியே தெரிந்து, பெட்டி மங்கிப் போகும். கார் பாலிஷைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கிறேன். பஞ்சில் பழுப்பு ஏறி, கார்பாலிக் வாடை அடித்தால் அது அசல் பேக்லைட். விற்கிறவர்கள் சிலர் எண்ணெய் பூசி மினுக்கிக் காட்டுவார்கள், விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

காரைக்குடியிலிருந்து:

இரண்டும் சரியான பேச்சு. ஒன்று விட்டுப்போச்சு: வால்வு ரேடியோவைத் துடைத்த கையோடு பிளக்கில் செருகாதீர்கள். பழைய காகிதக் கன்டென்சர் கசியும், ரப்பர் வயர் தொட்டாலே உதிரும். 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது ரேடியோவுக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி, போட்டுப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

வெளுத்த பிளாஸ்டிக் மறுபடி மஞ்சளாகலாம், அலமாரிக்குள் வைத்தாலும்கூட. ஆச்சியிடம் முன்பே சொன்னேன். “ஆகட்டும், அப்பவும் நீங்கதானே வருவீங்க” என்றுவிட்டார்.