வீட்டை எண்ணினால் போதுமா? வெளிநாட்டு உதவியை யார் மதிப்பிடுவது

நோர்வூட் தம்பி:
2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி இங்கே இலங்கையில் நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு மலையகத்துக்குத் தருவதாக அறிவித்தார். அன்றிலிருந்து எத்தனை முடிந்தது, யார் திறந்துவைத்தார் என்றுதான் செய்தி வருகிறது. குடிபோன சனத்துக்குக் காணி உறுதி கிடைத்ததா, மழைத்தண்ணி ஓடக் கான் இருக்கிறதா, பஸ் ரோட்டுக்குப் பாதை இருக்கிறதா? காசு கொடுத்த அரசாங்கம் நாலைந்து வருடம் கழித்து வந்து பார்க்க வேண்டும்.

கொட்டகலை அண்ணன்:
தம்பி, 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒரே அறையில், மூன்று தலைமுறை கிடக்கிற சனத்துக்கு முதலில் வேண்டியது கூரை. மதிப்பீடு என்று ஆலோசகர்களைக் கூட்டி வந்து அறிக்கை எழுதுகிற காசில் இன்னும் கொஞ்சம் வீடு கட்டலாம். வீடு நிற்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும்.

பதுளை டீச்சர்:
கட்டடம் தெரியும் அண்ணே, அதனால் வாழ்க்கை மாறியதா என்பது தெரியாது. ஓஇசிடி என்ற பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பிலுள்ள உதவிக் குழு 1991லேயே ஐந்து அளவுகோல் வைத்தது: தேவைக்குப் பொருந்தியதா, நோக்கம் நிறைவேறியதா, செலவுக்கு ஏற்ற பலனா, நீண்டகாலத்தில் என்ன மாற்றம், உதவி நின்ற பிறகும் நிலைக்குமா. 2019ல் ஆறாவதாக, மற்றத் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சேர்த்தார்கள். இந்தியா அந்தக் குழுவில் இல்லை, அதனால் அந்த விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. ஸ்வீடன் உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடம் வந்ததே, அங்கே படித்த பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க முடிந்ததா என்று கேட்டால்தான் அது மதிப்பீடு, வகுப்பறையை எண்ணுவது இல்லை.

கொட்டகலை அண்ணன்:
சரி டீச்சர், அமெரிக்காவைப் பாருங்கள். அவர்களுடைய வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் 2011ல் மதிப்பீட்டுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, அதற்குப் பிறகு எத்தனையோ அறிக்கை எழுதினார்கள், ஆனால் 2025 ஜூலையில் அந்த நிறுவனத்தையே மூடி, மிச்சத்தை வெளியுறவுத் துறைக்குள் போட்டுவிட்டார்கள். நல்லது செய்கிறது என்று எழுதிய அறிக்கை எதுவும் அதைக் காப்பாற்றவில்லை. உதவியை முடிவுசெய்வது அரசியல். இதில் ராஜதந்திரத்தை வேறு எப்படி அளப்பீர்கள்?

நோர்வூட் தம்பி:
அளந்திருக்கிறார்கள் அண்ணே, அதுவும் நம் நாட்டு விஷயத்திலேயே. 1997லிருந்து 2009 வரை இங்கே செய்த சமாதான முயற்சியை நோர்வே தன் காசிலேயே வெளி ஆய்வாளர்களிடம் கொடுத்து ஆராய வைத்தது. 2011ல் வந்த அந்த அறிக்கை, முயற்சி போரை நிறுத்தத் தவறியதை ஒளிக்காமல் சொன்னது. தன் தோல்வியைத் தானே அச்சில் போட ஒரு அரசாங்கத்தால் முடியும் என்றால், வீட்டுத் திட்டத்தைப் பற்றி நேர்மையாக எழுதுவது பெரிய காரியமா?

கொட்டகலை அண்ணன்:
அது போர் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தது தம்பி. செத்தவர்களுக்கு அதனால் என்ன?

பதுளை டீச்சர்:
செத்தவர்களுக்கு எதுவும் இல்லை, அடுத்து நடுவராக எங்கேயோ போய் உட்காரும் நாட்டுக்கு இருக்கிறது. எனக்குள்ள கோபம் வேறு. மதிப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தையும் தொழிற்சங்கத் தலைவரையும் பார்த்துவிட்டு ஜீப் ஏறிவிடுகிறார்கள், கொழுந்து பறிக்கிற பெண் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, போன நேரத்தில் அவள் வீட்டைப் படம் எடுக்கிறார்கள். அவளிடம் தமிழில் கேட்க வேண்டும், அறிக்கையையும் தமிழில் அவள் தோட்டத்துக்கே அனுப்ப வேண்டும்.

கொட்டகலை அண்ணன்:
தமிழில் போடட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மதிப்பீடு முடியட்டும் என்று சொல்லி அடுத்த கட்ட வீட்டைத் தள்ளிப்போட்டால் மட்டும் விடமாட்டேன். எங்கள் தோட்டத்தில் பட்டியலில் பேர் வந்தவர்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள்.