ஓபி பாய்சனிங் (ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷம்): பல்ஸ் 130 வந்துவிட்டால் அட்ரோபினைக் குறைக்கணுமா?

முல்லை_ஐசியு கேட்டது:
பூச்சிமருந்து குடிச்சு வந்தவர், எடை 50 கிலோ. விஷமுறிவு மருந்தான அட்ரோபின் 3 ஆம்பூல், 6 ஆம்பூல், 12 ஆம்பூல் என்று 5 நிமிஷ இடைவெளியில் போயிருக்கு. பல்ஸ் 130. ஆனா நெஞ்சு ரெண்டு பக்கமும் கரகரன்னுதான் கேக்குது, வாயில நுரை வந்துட்டே இருக்கு. பல்ஸ் ஏறிட்டதால போதும்னு ஒருத்தர், நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு, லாசிக்ஸ் (சிறுநீர் போக வைக்கும் மருந்து) போடலாம்னு இன்னொருத்தர். எதை முதல்ல பாக்கணும்?

கருவேலம்:
நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும் சிஸ்டர். இந்த விஷத்தில் உயிர் போவது பெரும்பாலும் மூச்சில். பல்ஸ் 130 என்பது அட்ரோபினை நிறுத்தக் காரணம் ஆகாது. ஆக்ஸிஜன் குறைவு, நீரிழப்பு, பதற்றம், ஏன், விஷமே கூடப் பல்ஸை ஏற்றும். கண்பாவையும் நம்பகமான அளவுகோல் இல்லை. அது தாமதமாகத்தான் மாறும்.

எட்ட வேண்டிய நிலை: நெஞ்சில் கரகரப்பும் விசிலும் இல்லாமல் காற்று சுத்தமாகப் போய்வர வேண்டும், பல்ஸ் 80க்கு மேல், மேல் பிரஷர் 80க்கு மேல், அக்குள் உலர்ந்திருக்க வேண்டும், கண்பாவை ஊசிமுனையாக இருக்கக் கூடாது. இதில் நெஞ்சுதான் முக்கியம். ஒரு பக்கம் அடியில் மட்டும் கரகரப்பு இருந்தால் வாந்தி உள்ளே போயிருக்கலாம். அதை அட்ரோபின் சரிசெய்யாது. உங்கள் நோயாளிக்கு இரு பக்கமும் இருக்கிறது, நுரையும் நிற்கவில்லை.

நம் ஊர் ஆம்பூல் 0.6 மி.கி. இதுவரை போனது 21 ஆம்பூல், அதாவது 12.6 மி.கி. கொஞ்சமும் குறையவில்லை என்றால் அடுத்தது அதற்கு முந்தைய அளவின் இரட்டிப்பு, 24 ஆம்பூல். எண்ணிக்கை பயமுறுத்தும், அதனாலேயே பல இடங்களில் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆர்டர் டாக்டருடையது, ஆனால் "நெஞ்சு இன்னும் தெளியவில்லை" என்று ஒவ்வொரு 5 நிமிடமும் சொல்ல வேண்டியது பக்கத்தில் நிற்பவர். லாசிக்ஸ் வேண்டாம்: அது சுரப்பு நீர், இதயம் திணறித் தேங்கிய நீர் இல்லை. ஏற்கெனவே வியர்த்து, வாந்தி எடுத்து வற்றிப்போன உடம்பில் பிரஷர் விழுந்துவிடும்.

இடையில் சக்ஷன், இடப்பக்கம் சாய்த்த நிலை, ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் வந்துசேரும் வரை அட்ரோபினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உடைகளைக் களைந்து, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்பு போட்டுக் கழுவுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், லேடெக்ஸ் போதாது. மூச்சுக்குழாய் பாதுகாப்பு இல்லாமல் வயிற்றைக் கழுவக் கூடாது.

வைகைக்கரை:
நெஞ்சு தெளிந்த பிறகு பம்ப்பில் தொடர்ந்து ஏற்றும் அட்ரோபின் கணக்கு: அதுவரை போன மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம், மணிக்கு. அந்த 24 ஆம்பூலும் சேர்ந்து மொத்தம் 27 மி.கி. என்றால் 2.7 முதல் 5.4 மி.கி. 50 ஆம்பூலை அப்படியே 50 மி.லி. சிரிஞ்சில் ஏற்றினால் மணிக்கு 4.5 முதல் 9 மி.லி. வேகம். பம்ப்பில் மி.லி.யையும் மி.கி.யையும் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு; சிரிஞ்சின் மேல் இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். சிரிஞ்ச் தீர்வதற்கு முன்பே அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

முதலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை நெஞ்சு, குடல் சத்தம், காய்ச்சல், மனநிலை பாருங்கள். குடல் சத்தம் நின்று, உடம்பு கொதித்து, துணியைப் பிடுங்கிக்கொண்டு உளறினால் அட்ரோபின் அதிகம். நிறுத்தச் சொல்லி, அடங்கியபின் முந்தைய வேகத்தில் 70–80 சதவீதத்தில் தொடங்குவார்கள். ஆனால் கையைக் கட்டும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலும் இதே ஆட்டம்தான். ஏசி இல்லாத வார்டில், சித்திரை வெயிலில், வியர்வை நின்ற உடம்பு மளமளவென்று சூடேறும். ஈரத்துணியும் மின்விசிறியும் வையுங்கள்.

முல்லை_ஐசியு:
நன்றி. மூணாம் நாள் நல்லா பேசிட்டிருந்தவங்களுக்குத் திடீர்னு மூச்சு நிக்குதே, அது?

கருவேலம்:
24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் தசைத் தளர்ச்சி. 1987இல் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் விவரித்தது. அட்ரோபின் தசையைத் தொடாது, அதனால் நெஞ்சு தெளிவாக இருக்கும்போதே இது வரும். ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று முறையாவது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அதுதான் முதல் அறிகுறி. ஒரே மூச்சில் 20 வரை எண்ணச் சொல்லுங்கள். நேற்றைவிடக் குறைந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) கடைசியில்தான் விழும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது சக்சினைல்கோலின் (தசையைத் தளர்த்தும் மருந்து) எடுத்து நீட்டாதீர்கள்: அதை உடைக்கும் நொதியைத்தான் விஷம் முடக்கியிருக்கிறது, தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும்.

வைகைக்கரை:
ஒன்று விட்டுப்போனது. பிராலிடாக்ஸிம் (விஷம் முடக்கிய நொதியை மீட்கும் மருந்து) ஆர்டர் இருந்தால் முதல் டோஸை (கிலோவுக்கு 30 மி.கி., 50 கிலோவுக்கு 1.5 கிராம்) அரை மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். வேகமாகத் தள்ளினால் வாந்தி வரும், இதயமே நின்றுபோகலாம். அப்புறம், நினைவு திரும்பியதும் "ஏன் குடிச்சே" என்று யாரும் கேட்க வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. கட்டிலருகே ஒருவர் எப்போதும் இருக்கட்டும், மனநல மருத்துவர் பார்வைக்கு அன்றே எழுதி வாங்குங்கள்.