'டெர் உன்டர்காங்': ஹிட்லரைப் பார்த்துப் பாவப்பட வைக்கலாமா?

கொட்டகைவாசி:
நேற்று ராத்திரி மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2004-ல் ஜெர்மன்காரர்களே எடுத்த படம். பெர்லின் பதுங்கு குழிக்குள் ஹிட்லரின் கடைசி நாட்கள். ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸ் காரியதரிசிப் பெண்ணிடம் கனிவாகப் பேசுகிறார், சமையல்காரப் பெண்ணிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்கிறார். முதுகுக்குப் பின்னால் இடது கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் 'ஐயோ பாவம்' என்று தோன்றிவிட்டது. அப்புறம் என் மேலேயே எரிச்சல். இந்த ஆளுக்கு அனுதாபம் தேடித்தர ஒரு படமா?

நெல்லை_சுடலை:
கொம்பு வைத்துக் காட்டியிருந்தால் நமக்கு வசதி சார், அரக்கன் செய்தான் என்று எழுந்து போயிருக்கலாம். 1942-ல் பின்லாந்தில் ஹிட்லருக்குத் தெரியாமல் பதிவான பேச்சு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் கான்ஸ் குரலைப் பிடித்தார். மேடைக் கத்தல் இல்லாத சாதாரணக் குரல். அதே குரலில்தான் படத்தில் ஜெர்மன் மக்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட மாட்டேன் என்கிறார். அதற்குமா பாவப்பட்டீர்கள்?

கொட்டகைவாசி:
சரி, ஹிட்லரின் சாவை மட்டும் ஏன் மறைத்தார்கள்? கதவு சாத்தப்படுகிறது, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. இயக்குநர் விம் வெண்டர்ஸும் இதைத்தான் கேட்டார். ஊரே செத்துக் கிடப்பதைக் காட்டும் கேமராவுக்கு இவர் முன்னால் மட்டும் என்ன மரியாதை?

மல்லிகா_டீச்சர்:
அந்த இடத்தை மறுபடி பாருங்கள். ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் பிள்ளைகளுக்குக் காரியதரிசி யூங்கே சாப்பிடக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சத்தம் கேட்டதும் பையன் 'சரியான அடி!' என்கிறான். மறுநாள் அவனைப் பெற்றவளே ஆறு பிள்ளைகளுக்கும் தூக்கமருந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வாயிலும் சயனைடு குப்பியை வைத்துத் தாடையை அழுத்துகிறாள். குப்பி நொறுங்கும் அந்தச் சின்னச் சத்தம்! அப்புறம் தனியாக உட்கார்ந்து சீட்டு அடுக்குகிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கிருந்து ஐயா அனுதாபம் வரும்?

ஆவணப்பூச்சி:
எல்லோரும் ஹிட்லரையே பார்க்கிறீர்கள். என் சண்டை அந்த 'நல்ல' டாக்டரோடு. எர்ன்ஸ்ட் குந்தர் ஷெங்க், காயம்பட்டவர்களுக்காக ஓடி ஓடி உழைக்கிறார், கண்டபடி தூக்கில் போடுவதைத் தடுக்கப் பார்க்கிறார். நிஜத்தில் அவர் எஸ்.எஸ். என்ற நாஜிப் படை அமைப்பின் உணவுத்துறை ஆள். மவுட்ஹவுசன் வதைமுகாமில் நூற்றுக்கணக்கான கைதிகளுக்குப் 'புரதத் தொத்திறைச்சி' கொடுத்துச் சோதனை செய்தவர். பலர் செத்தார்கள். போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் அவரை மருத்துவம் பார்க்க விடவில்லை. படத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை! ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஷ்பேயர் கதையும் அப்படித்தான். நாட்டை அழிக்கச் சொன்ன உத்தரவை மீறியதாக அவர் ஹிட்லரிடமே ஒப்புக்கொள்ளும் காட்சி, ஷ்பேயர் தன்னைப் பற்றித் தானே சொன்ன கதை.

நெல்லை_சுடலை:
ஷெங்க் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் நிஜ யூங்கே கிழவியாக வந்து, ஹிட்லரை எதிர்த்து இளவயதிலேயே கொல்லப்பட்ட சோஃபி ஷோலின் நினைவுப் பலகையைப் பார்த்தபோது இளவயது ஒரு சாக்கல்ல என்று புரிந்தது என்கிறாரே. படம் கணக்கைத் தீர்த்துவிட்டதே?

ஆவணப்பூச்சி:
அது அந்த அம்மாவின் கணக்கு. டாக்டர் கணக்கை யார் தீர்ப்பது?

மீம்_மச்சான்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தளபதி ஸ்டைனர் தாக்கவில்லை என்றதும் ஹிட்லர் நடுங்கும் கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் காட்சி வந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கிரிக்கெட் தோல்விக்கெல்லாம் அந்தக் காட்சிக்கு வசனம் மாற்றி மீம் போட்டு என்னைக் கெடுத்துவிட்டார்கள்.

கொட்டகைவாசி:
நீ ஒருத்தன்தான் பாவப்படாமல் தப்பித்தாய் மச்சான். ஆவணப்பூச்சி சார், அந்த டாக்டர் வரும் காட்சிகளை மட்டும் இன்றைக்கு ராத்திரி திரும்பப் பார்க்கிறேன்.